இரட்டை மின்கலமும் என் தந்தையின் பீடியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

விராலிமலை என்று சொன்னவுடன் வெளியூர் நண்பர்கள் இரண்டைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்று மயில், மற்றொன்று சுருட்டு. மலைமேல் வீற்றிருக்கும் ஆறுமுகனுக்குச் சுருட்டுப் படைக்கும் ஊர் எங்கள் ஊர். மழையும் வெள்ளமுமான ஓர் இரவில், மாமுண்டி ஆற்றைக் கடக்க வழியின்றி, கையில் சுருட்டும் இல்லாமல் குளிரில் நடுங்கி நின்றார் கருப்பமுத்து என்னும் அடியவர். முன்பின் அறியாத ஒருவர் அவருக்குச் சுருட்டும் நெருப்பும் தந்து அக்கரை சேர்த்தாராம். கோயிலுக்கு வந்து பார்த்தால் சந்நிதியில் சுருட்டு! அன்று தொடங்கியது வழக்கம் என்பார்கள் பெரியவர்கள்.

சுருட்டுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் உள்ள உறவு கோயிலோடு முடிவதில்லை. திருச்சி உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து புகழ் பெற்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் நிபுணரைக் கானன் டாயில் 1887இல் முதன்முதலாக உலவவிட்ட நாவலிலேயே, கீழே கிடந்த சாம்பலைப் பார்த்து "இது திருச்சிச் சுருட்டு" என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு என் தந்தை இருமத் தொடங்கி, அம்மா எழுந்து உட்கார்ந்து அவர் முதுகைத் தடவும்போது அந்தப் பெருமை எங்கே போகிறதென்று தெரியவில்லை.

என் தந்தை சுருட்டுப் பிடிப்பவர் அல்லர், பீடி. லாரியில் கல் ஏற்றும் வேலை. நாளொன்றுக்கு இரண்டு கட்டு. விடச் சொன்னால், "முருகனுக்கே படைக்கிறோம், எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்பார். ஆற்றங்கரையில் நடுங்கியவனுக்கு இரங்கிய கதையைத் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும் வித்தை எங்கள் ஊரில் பீடி பிடிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சென்ற பொங்கலுக்கு ஒரு புதிய விருந்தாளி வந்தது. என் பெரியப்பா மகன் மலேசியாவில் வேலை செய்கிறார். அண்ணன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பெயர் எழுதினால் அவருக்குச் சிக்கல், காரணம் பின்னால் தெரியும். அவர் பையிலிருந்து கைப்பிடி அளவுள்ள ஒரு பெட்டியை எடுத்து என் முன் வைத்தார். இரண்டு மின்கலங்கள் போடும் பெட்டி, அதன் தலையில் கண்ணாடித் தொட்டி. 'வேப்' என்று இளைஞர்கள் சொல்லும் மின் புகைக்கருவி.

"பாப்பா, நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே. இதை நல்லா பார்த்துச் சொல்லு. சரியா இருந்தா சித்தப்பாவுக்குக் கொடுத்துரலாம். பீடிய விட்டுருவாரு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டுத் திருத்தம் முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். ஆனால் இந்தக் கேள்வி அப்படிப்பட்டதல்ல. அந்தப் பெட்டி என் தந்தையை இருமலிலிருந்து மீட்குமா, மீட்காதா? மூன்று நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். புகைத்துப் பார்க்கவில்லை. அளந்து பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மின்கலம் எதற்கு என்ற கேள்விக்கு விடை அழகானது. பெட்டியின் திரையில் 80 வாட் வரை ஏற்றலாம். நம் வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறிக்குச் சுமார் 75 வாட்தான். ஒரு மின்விசிறிக்கு வேண்டிய திறனை உள்ளங்கைக்குள் எரிக்கிறது இந்தச் சின்னப் பெட்டி! ஒரே ஒரு லித்தியம் மின்கலத்திலிருந்து, அதாவது 3.7 வோல்ட்டில், 80 வாட் எடுக்க வேண்டுமானால் 21 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பல மின்கலங்கள் அதைத் தாங்கா. இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட், ஏறக்குறைய 11 ஆம்பியர் போதும். பாரத்தை இரண்டு மாடுகள் பகிர்ந்து இழுக்கும் வண்டி போல.

மின்கலத்தின் மேல் 3000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் சுமார் 22 வாட் மணி, அதாவது 80,000 ஜூல் அளவு ஆற்றல். 80 வாட்டில் தொடர்ந்து எரித்தால் ஏறத்தாழ பதினாறு நிமிடம் வரும். ஓர் இழுப்புக்கு மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டால் முந்நூறு இழுப்புக்கு மேல். அச்சிட்ட எண்ணை நம்பினால்தான் இந்தக் கணக்கு.

தொட்டிக்குள் பஞ்சு சுற்றிய கம்பிச் சுருள். அதன் மின்தடை 0.2 ஓம் என்று எழுதியிருந்தது. மின்சாமான் கடையில் மல்டிமீட்டர் இரவல் வாங்கி அளக்க முயன்று தோற்றேன். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே மீட்டர் 0.4 ஓம் காட்டுகிறது, அதைக்கொண்டு 0.2 ஓமை எப்படி அளப்பது? நம் ஆய்வுக்கூடத்தில் கேரி ஃபாஸ்டர் சமனச்சுற்று இருக்கிறது. ஆனால் இந்தப் பொருளைக் கல்லூரிக்குள் கொண்டுவரும் துணிவு எனக்கில்லை.

மின்கலங்களை அளந்தபோதுதான் மனம் துணுக்குற்றது. இரண்டும் முழுதாக மின்னேற்றப்பட்டவை என்று அண்ணன் சொன்னார். ஒன்று 4.16 வோல்ட் காட்டியது, மற்றொன்று 4.02. ஒரே நாளில் வாங்கி, என்றும் ஒன்றாகவே பயன்படுத்தப்பட்ட ஜோடிக்கு இந்த வேறுபாடு வராது. கேட்டபோது, ஒன்று பழுதாகி வேறு போட்டதாக ஒப்புக்கொண்டார். தொடரிணைப்பில் நலிந்த மின்கலம் முதலில் காலியாகும். பிறகும் அதன் வழியே மின்னோட்டம் போனால் அது சேதமாகிச் சூடேறும். போதாக்குறைக்கு ஒன்றின் மேலுறை நகக்கண் அளவு கிழிந்திருந்தது. அந்த உறைக்குக் கீழே இருப்பது எதிர்முனையாகிய உலோக உடல். உள்ளே ஏதேனும் உலோகம் உரசினால் குறுக்குச்சுற்று. தந்தை சட்டைப்பையில் சில்லறைக் காசும் சாவியும் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுக் கூரையோ கீற்று.

சரி, நல்ல மின்கலம் இரண்டு புதிதாக வாங்கிப் போட்டால்? அண்ணனின் வாதம் இதுதான்: "எரியிறதே இல்ல பாப்பா. வெறும் ஆவி."

இதில் உண்மை இருக்கிறது, மறைப்பது நேர்மையன்று. புகையை இழுக்கும்போது சிகரெட்டின் எரிமுனை 900 டிகிரி செல்சியசைத் தொடும். அந்த வெப்பத்தில் இலை கருகித்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கின்றன. தொட்டியில் இருப்பதோ புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரியில் கொதிக்கும், பின்னது 290இல். இலையில்லை, சாம்பலில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் இதன் தீங்கு சிகரெட்டைவிட 95 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணை மறுத்தவர்களும் உண்டு. ஆயினும் 2023இல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு இக்கருவியைக் கொடுத்துச் சிகரெட்டை விடச்செய்யும் திட்டத்தை அந்நாட்டு அரசே அறிவித்தது.

அப்படியானால் என் தந்தைக்கு மட்டும் ஏன் கூடாது? இந்த இடத்தில்தான் நான் ஓர் இரவு முழுவதும் தூங்கவில்லை.

இங்கிலாந்தில் கருவி மட்டும் கொடுப்பதில்லை. தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, விற்கும் திரவத்தில் என்ன இருக்கிறதென்று முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். புகைப்பவனோடு பேசி, தொடர்ந்து விசாரிக்கும் ஆலோசகரும் உண்டு. அண்ணன் கொண்டுவந்த புட்டியில் 'மாம்பழம், 3 மில்லிகிராம்' என்பதற்கு மேல் என் அறிவுக்கு எட்டியது ஒன்றுமில்லை. தொட்டி கொள்வது 5 மில்லிலிட்டர், ஆக 15 மில்லிகிராம் நிகோடின். எழுதியது மெய்யா பொய்யா என்று சொல்ல எங்களூரில் யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர் மட்டும் 68. பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளத் திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப்பசைதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். கருவி பழுதில்லாமல் வேலை செய்தது. உள்ளே ஊற்றியதுதான் கொன்றது.

தொட்டியில் திரவம் தீர்ந்து பஞ்சு காய்ந்தபின் பொத்தானை அழுத்தினால், கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு முதலிய நச்சுகள் உண்டாகும். பழகியவன் கருகல் சுவையில் உணர்ந்து நிறுத்துவான். முப்பது ஆண்டு பீடியில் நாக்கு மரத்துப்போன என் தந்தை உணர்வாரா?

பிறகு சட்டம். தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இதைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் தண்டனை உண்டு. அண்ணனின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "மலேசியாவுல கடைக்குக் கடை தொங்குது, இங்க என்ன பெரிய சட்டம்?" என்றார். பக்கத்துச் சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் பயன்படுத்துவதே குற்றம் என்று நான் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆனால் என் முடிவைச் செய்தது சட்டமும் அல்ல, மின்கலமும் அல்ல. மூன்றாம் நாள் மாலை பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி அந்தத் தொட்டியை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, மாம்பழ வாசம்! இது ஒண்ணும் பண்ணாதுல்ல? அண்ணன் நல்லதுன்னு சொன்னாரே." தந்தையின் பீடிப்புகையைக் கண்டால் முகம் சுளித்து வெளியே ஓடுகிறவன் அவன். பீடியின் நாற்றம் இத்தனை ஆண்டுகளாக அவனைக் காத்துவந்திருக்கிறது. இந்தப் பெட்டி அந்தக் காவலை எடுத்துவிட்டு, அதே நிகோடினை மாம்பழத்தில் வைத்து நீட்டுகிறது. பீடி பிடிக்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரருக்காக வாங்கி வந்ததில் முதலில் ஆசைப்பட்டவன் பதினைந்து வயதுக்காரன். வீட்டுக்கு வீடு இதுதானே நடக்கும்? இங்கிலாந்தும் சிறுவர்களிடையே பரவியதைக் கண்டபின், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வகைகளை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது.

பெட்டியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு வருத்தம்தான். "அப்ப சித்தப்பா இருமிக்கிட்டே கெடக்கட்டும்ங்கிறியா?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. தடைச் சட்டத்தை ஆதரிக்கிற நான் அரசிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். வேப் வந்தவுடன் தடை போட முடிந்தது. ஆனால் இந்தியாவில் புகையிலை ஆண்டுதோறும் பதின்மூன்று லட்சம் உயிர்களுக்கு மேல் கொள்வதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறதே, அந்தப் புகையிலை எங்கள் தெரு முனைக் கடையில் மிட்டாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பீடிக்கான வரியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கவே முடிவு செய்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்பார்கள். அந்தப் பிழைப்பை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வேறு வேலை தேடித்தருவதைவிட வரியைக் குறைப்பது எளிது, அவ்வளவுதான். பணக்காரப் பிள்ளைகளின் புகைக்கு வாசலை அடைத்துவிட்டு, கூலிக்காரரின் புகைக்குத் திண்ணையில் இடம் போட்டால் அதை முழு அக்கறை என்று எப்படிச் சொல்வது?

அண்ணனுக்குப் பதில் சொல்லத் தேடியபோதுதான் ஓர் எண் கிடைத்தது: 1800 11 2356. புகையிலையை விட விரும்புவோர்க்கான தேசியத் தொலைபேசி உதவி. 2016 முதல் நடக்கிறது, கட்டணமில்லை. பீடிக்கட்டின் மேல் படத்தோடு அச்சிட்டிருப்பதும் இதே எண்தான். இத்தனை நாளும் அந்தக் கட்டுகளை எங்கள் வீட்டில் பார்த்தும் நான் அதை வாசித்ததில்லை! நிகோடின் மெல்லுபசை 2009 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தந்தை முதலில் பேச மறுத்தார். "போன்ல யாருகிட்டயோ என்னத்தைச் சொல்றது?" பிறகு அம்மா முறைத்த முறைப்பில் பேசினார். மறுமுனையில் இருந்தவர் தமிழில், ஐயா என்று அழைத்து, எந்த நேரத்துப் பீடியை விடுவது மிகக் கடினம் என்று கேட்டாராம். இருபது ஆண்டுகளாக நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. "லாரி ஏத்தி முடிச்சு உக்காரும்போது" என்றார் தந்தை. இரண்டு கட்டு ஒரு கட்டானது. சித்திரையில் ஒரு வாரம் நின்றேபோனது, பிறகு திரும்பவும் வந்தது. அம்மா நாள்காட்டியின் ஓரத்தில் எண்ணிக்கை எழுதிவருகிறார். நேற்று ஒன்பது.

முதல்வர் அவர்களுக்கும் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி வாயிலில் 'புகையிலை இல்லா வளாகம்' என்ற பலகை இருக்கிறது. அதன் கீழே பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த எண்ணை அங்கே எழுத அனுமதி தாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தந்தைமார்களுக்கும் தெரியும்படி பெரிதாக எழுத வேண்டும். வண்ணமும் தூரிகையும் எங்கள் வகுப்பின் செலவு.