சங்கிலி தேய்வது எதனால்?

நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஒரு முறையீட்டோடு வந்தான். அவனது கியர் துவிச்சக்கரவண்டியில் இரண்டாந் தடவையாகவும் சங்கிலி தேய்ந்துவிட்டது. விலையுயர்ந்த கியர் மாற்றியைப் பூட்டினாலன்றி இத்தேய்வு நீங்காது என நண்பர்கள் கூறினராம். தந்தையாரிடம் பணம் கேட்க நமது சிபாரிசை நாடினான். அவரோ தோட்டஞ் செய்து மகனைப் படிப்பிப்பவர். ஆதலின் நிதானித்தே விடை கூற வேண்டியவரானோம்.

பின்சில்லின் அருகே தொங்கும் அக்கருவிக்கு 'டீரெய்லர்' என்று பெயர். தடம்புரளச் செய்வது என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டிலேதான் அதற்கு இடமளிக்கப்பட்டது. சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவதும், அதன் தொய்வை இழுத்துப் பிடிப்பதுமே அதன் பணிகள். மிதிப்பவரின் விசையைச் சுமப்பது சங்கிலியின் மேற்பாகம். கருவி நிற்பதோ தொய்வான கீழ்ப்பாகத்தில். எனவே, கருவியின் விலை ஏறினால் தேய்வு இறங்கும் என்பது பொருந்தாது.

அதற்குப் பங்கே இல்லையென்றுஞ் சொல்லோம். மூட்டுகள் தளர்ந்த கருவியும், வண்டி விழுந்ததனால் வளைந்த கொளுக்கியும் சங்கிலியை உரிய பற்சில்லுக்கு நேரே நிறுத்தமாட்டா. அது அயற்சில்லில் உரசும். அழுத்தி மிதிக்கையில் வழுக்கும். ஆனால், வளைவை நிமிர்த்திக் கம்பியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் இக்குறை தீரும்.

சங்கிலியின் மெய்யான பகை புழுதியே. எண்ணெயோடு கலந்து ஆணிகளின் இடுக்கிற் புகுந்து அரம்போல் அராவுகிறது. ஆணிகள் தேயச் சங்கிலி நீள்கிறது. புதுச் சங்கிலியில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். அடிக்கோலை வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் சங்கிலியை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பற்சில்லுகளும் உடன் தேய்ந்திருக்கும், செலவும் பெருகும்.

மாணவனது சங்கிலியை அளந்தோம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தது. கருவி நேராகவே நின்றது. சங்கிலியிலோ செம்மண் அப்பிக்கிடந்தது. சங்கிலிக்கும் பற்சில்லுகளுக்கும் மட்டுமே பணம் கேட்குமாறு சொன்னோம். கிழமைக்கொருமுறை துடைத்து எண்ணெயிடுவதாக அவனும் வாக்களித்தான். அடுத்த தவணை அடிக்கோலோடு அவ்வாக்கையும் அளந்து பார்ப்போம்.