விதைக் கணக்கு போதும், வடலிக் கணக்கு எங்கே?



ஆவணி பிறந்தாச்சு, பனம்பழம் விழ ஆரம்பிச்சிருக்கு. இனி ரெண்டு மாசத்துக்கு நம்ம பக்கத்துல பனை விதைப் படங்கள் வரிசையா வரும். கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம்னு ஒன்றியம் ஒன்றியமா அனுப்புவீங்க. நாங்களும் கொடி நிறத்துல ஃப்ரேம் போட்டு ஏத்துவோம். அந்தப் படங்களை ஏத்துற வேலையைச் செய்யிறவன்ங்கிற உரிமையில ஒண்ணு கேட்கிறேன். போன வருஷம் போட்ட விதை எல்லாம் இப்ப எங்க இருக்கு?

நான் போய்ப் பார்த்தேன். புவனகிரி பக்கம் ஒரு ஏரிக்கரை. போன புரட்டாசியில சாக்கு சாக்கா கொட்டையைக் கொண்டுபோய்ப் போட்டோம், பதிவும் நல்லா ஓடிச்சு. இந்தச் சித்திரையில போனா கரையே புதுசா இருக்கு. ஏரியைத் தூர்வாரி, வண்டலை அள்ளிக் கரைமேலயே கொட்டியிருக்காங்க. நம்ம விதை அதுக்கு அடியில எங்கயோ கிடக்கு. ஜேசிபி ஓட்டினவரைக் குறை சொல்ல முடியாது. அங்க விதை இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? மேல ஒரு ஓலைகூட இல்லையே.

பனையோட குணமே அதுதான். மத்த விதை மாதிரி உடனே மேல எட்டிப் பார்க்காது. முதல்ல கொட்டையிலிருந்து வெள்ளையா ஒரு குழல் மண்ணுக்குள்ள இறங்கும். அதோட நுனியிலதான் கிழங்கு பருக்கும். முதல் ஓலை வெளியில வரப் பல மாசம் ஆகும். பொங்கலுக்கு நாம அவிச்சுத் தின்கிற பனங்கிழங்கு, விட்டிருந்தா மரமாகியிருக்க வேண்டிய கன்றுதான். (நானும் தின்கிறவன்தான், அதை நிறுத்தச் சொல்லலை.) பையில வளர்த்து நடுறதும் இதனாலதான் சிரமம். வேர் பையோட அடியைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும், எடுக்கும்போது முறிஞ்சிடும்.

அதனால என் கருத்து இதுதான்: ஏரிக்கரைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்கவங்க வீட்டுல ஆரம்பிங்க. கொல்லை, வேலியோரம், வயல் மூலைன்னு மரம் கடைசிவரை நிக்கப்போற இடத்துலயே நேரா விதைங்க. பழத்தோட சதையைப் பிசைஞ்சு எடுத்துட்டு, கொட்டையை நிழல்ல உலர்த்தினா போதும். மாசக்கணக்கா காயவிட்ட கொட்டையை நம்பாதீங்க. அடிமண்ணை நல்லாக் கொத்தி இளக்கிவிட்டு, கொட்டைக்கு மேல நாலு விரல் மண் மூடுங்க. மரத்துக்கு மரம் பத்தடி விடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைப் பார்த்துக்கும். முதல் கோடையில மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டணும், ஆடு கடிக்காம முள்ளு வைக்கணும். எங்க பெரியம்மா வீட்டுக் கொல்லையில 12 கொட்டை வெச்சோம். 7 இப்ப ஒத்தை ஓலையோட நிக்குது. ஏரிக்கரைக்குப் போன சாக்குகளைவிட இந்த ஏழுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்னு ஊர்ல சொல்வாங்க. காய்க்கப் பன்னெண்டு, பதினஞ்சு வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். ஆனா நம்ம மாவட்டத்துக்கு அவசரம் இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சதை மறக்க முடியுமா? 2015 வெள்ளம், 2024 பெஞ்சல்ல தென்பெண்ணை ஊருக்குள்ள வந்ததுன்னு அடுத்தடுத்து அடி. மண்ணை வலைபோலப் பிடிக்கிற சல்லிவேர் உள்ள மரம் பனை. நம்ம கரைகளுக்கு அது வேணும்.

இதுல அரசியலும் இருக்கு. 2021 ஆகஸ்ட் 14, தமிழ்நாட்டோட முதல் வேளாண் பட்ஜெட். வாசிச்சவர் நம்ம குறிஞ்சிப்பாடி தொகுதியோட அப்போதைய அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று, வெட்டணும்னா கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாங்க. நல்ல அறிவிப்பு, அதை மறுக்கலை. ஆனா அதுல எத்தனை வடலியா நிக்குதுன்னு நாம கேட்கணும். கேட்டா திருப்பி, “உங்க கட்சி போட்டதுல எத்தனை?”ன்னு வரும். அப்ப நம்மகிட்ட ஃப்ரேம் போட்ட படம் மட்டும்தான் இருக்கும். (1987-லிருந்து இருக்கிற கள்ளுத் தடையைப் பத்தித் தனியா ஒரு பதிவே எழுதணும், அது இருக்கட்டும்.)

ஏரிக்கரையில விதைக்கவே வேண்டாம்னு சொல்லலை. தூர்வாருற பக்கத்தை விட்டுட்டு வெளிச்சரிவுல போடுங்க. ஊராட்சித் தலைவர்கிட்டயும் பாசனக்காரங்ககிட்டயும் சொல்லிட்டுப் போடுங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு குச்சி நடுங்க, கைபேசி மேப்ல ஒரு புள்ளி வைங்க, யார் பொறுப்புன்னு பேரைப் போடுங்க. மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் நாங்க தயார் பண்றோம், நமக்குத் தெரிஞ்ச வேலைதானே இது.

இந்த வருஷம் கொட்டையைக் கையில வெச்சுக்கிட்டு எடுத்த படத்தை அனுப்பாதீங்க தோழர்களே. இடத்தை மட்டும் அனுப்புங்க. அடுத்த ஆடியில அதே இடத்துல நின்னு, ஓலையோட எடுத்து அனுப்புங்க. அந்தப் படத்தை ஏத்துறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி, கடலூர் மாவட்டம்
#பனை #வடலிக்கணக்கு #கடலூர் #சிதம்பரம்