அமெரிக்கா போன கிரைண்டரும் அரைகுறை இஞ்சினியரும்

வெளிநாடு போறவங்களுக்கு நாம ஓசியில குடுக்கிற அறிவுரையிலயே மோசமானது எதுன்னா, 'ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டிக்கோ, எல்லாம் ஓடும்'ங்கிறதுதான் மக்களே. அப்படிச் சொன்ன புண்ணியவான்கள்ல நானும் ஒருத்தன். படிச்சது ட்ரிபிள்-ஈ வேற. இப்ப பொட்டி தட்டுறதுல எல்லாம் மறந்துபோச்சுன்னு வச்சுக்கங்க :-)

நியூஜெர்சியில இருக்கிற அக்காவுக்கு அம்மா கோயமுத்தூர்ல இருந்து டேபிள்டாப் கிரைண்டர் குடுத்து விட்டாங்க. சும்மாவா? 1955-ல பி.சபாபதி நம்மூர்ல உருவாக்கி, 2005-06-ல புவிசார் குறியீடே வாங்கின சாமானுங்க. கல்லு கனத்துக்காக மாமா தன் துணிமணியில பாதியை வெளிய எடுத்து வெச்சுட்டுப் போனாரு.

இங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்க 120, 60. கிரைண்டர் 150 வாட்ஸ்தானே, 200 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் போதும்னு நான்தான் சொன்னேன். இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பற நேரத்துல பல மடங்கு கரண்ட் இழுக்கும்கறது ஞாபகமே வரலை. சுவிட்சைப் போட்டா 'ம்ம்ம்'னு ஒரு உறுமல், கல்லு அசையலை, டிரான்ஸ்பார்மர்ல தீஞ்ச வாசனை. ஊறின உளுந்தை அக்கா அங்க வாங்கின மிக்ஸியில அரைச்சுட்டு, "சூப்பரா அரையுதும்மா"ன்னு போன்ல சொல்லிட்டா. அம்மா அதைத் தெருவுக்கே சொல்லிட்டுத் திரிஞ்சாங்க.

சரி, பெரிய டிரான்ஸ்பார்மரா வாங்கினா? ஓடும். ஆனா டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. இந்த மோட்டாரோட வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-ல ஏறக்குறைய 20 சதவீதம் கூட சுத்தும். மெதுவா அரைச்சு மாவு சூடாகாம இருக்கத்தானே கல்லு? அங்க துணி காயப்போடற மிஷினுக்கு 240 வோல்ட் பிளக் இருக்கேன்னு கேக்காதீங்க, அதுவும் 60 ஹெர்ட்ஸ்தான்.

அந்தக்காலத்துல கல்யாண கேசட்டுக்கும் இதே கதைதான். நம்மூரு பால் முறையில 625 வரி, அமெரிக்க என்டிஎஸ்சி-யில 525. அங்கத்த விசிஆர்ல போட்டா மாப்பிள்ளையும் தெரியாது, பொண்ணும் தெரியாது.

நம்ம தலைமுறையைக் கெடுத்ததே லேப்டாப் சார்ஜர்தாங்க. '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'னு அதுல போட்டிருக்கும், எங்க சொருகினாலும் ஓடும். எல்லாமே அப்படின்னு நினைச்சுக்கறோம். கோயமுத்தூர்லயே 110 வோல்ட் கிரைண்டர் செய்யறாங்க. கேட்டு வாங்கணும், பின்னாடி 60 ஹெர்ட்ஸ்னு இருக்கான்னு பாக்கணும். கடைக்காரரும் 'எந்த ஊருக்குங்க?'ன்னு ஒரு வார்த்தை கேக்கலாம். எங்களைக் கேக்கலை.

போன வாரம் அம்மா, "கிரைண்டர் ஓடறதை வீடியோல காட்டு கண்ணு"ன்னிருக்காங்க. அக்கா உடனே எனக்குப் போன் பண்ணி, "நீயே சொல்லிப்போடு சாமி"ங்கறா. இன்னும் சொல்லலைங்க.