கவர்வழியும் கவலையும்

இரண்டாகப் பிரியும் வழிக்குப் பழந்தமிழர் 'கவலை' என்று பெயரிட்டனர். மனத்துன்பத்தைக் குறிப்பதும் அச்சொல்லே. எவ்வழிச் செல்வது என்று தெளியாது முச்சந்தியில் மயங்கி நின்றவர்க்கு இவ்வொற்றுமை வியப்பளிக்காது. தாமே வண்டியோட்டி மலைநாட்டைக் காணவரும் பிறநாட்டார், இவ்விருவகைக் கவலையையும் ஒருங்கே எய்தும் இடங்களுள் கினிகத்தேனையும் ஒன்றாகும்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டார்க்குத் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஆகவே விமானத்தினின்று இறங்கியவர் அன்றே சாரதி இருக்கையில் அமர இயலும். அவிசாவளையில் தொடங்கும் ஏ-7 பெருந்தெரு, களனி கங்கைக் கரையோரமாகக் கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனைக்கு ஏறி, அட்டன், தலவாக்கலை வழியாக 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவைச் சேர்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். கினிகத்தேனையில் நாவலப்பிட்டிக்குச் செல்லும் வழி பிரிகின்றது.

இவ்வழியில் நேரும் சிறு இடர்கள் பல. அவற்றுட் சில நகைப்புக்கும் உரியன. தொறந்தோவிலிருந்து வருபவர்க்கு இடப்புறமாக ஓட்டுவதே புதுமை. சென்னையிலிருந்து வருபவர்க்கு அது பழக்கமே. தொறந்தோவினர்க்கோ, ஈண்டுள்ள யப்பானிய வண்டிகள் பலவற்றில் திருப்பச் சைகைக்குரிய பிடி வலப்புறத்தில் இருத்தலின், விளக்கை ஏற்ற எண்ணிய கை மழை துடைப்பானை இயக்கிவிடும். துடைப்பான் வீணாவதுமில்லை. 'தீப்பற்றிய சேனை' எனச் சிங்களத்தில் பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்வூரில் நெருப்பினும் மிகுதி மழையும் மூடுபனியுமே. அயலிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிக்க மழை பெறும் இடங்களுள் ஒன்றன்றோ!

ஆயின் எல்லா இடரும் தேநீர்க்கடையில் அமர்ந்து சொல்லிச் சிரிக்கத்தக்கன அல்ல. கைத்தொலைபேசியிலுள்ள வழிப்படம் தூரத்தை அறியும். சரிவின் கொடுமையைச் சொல்லாது. 'இதுவே குறுக்குவழி' என்று அது காட்டுவது, ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க தோட்டப் பாதையாக இருத்தல் கூடும். 2023 சனவரி 20ஆம் நாள் நானுஓயா றதெல்லக் குறுக்குப் பாதையில், கட்டுப்பாடிழந்த பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோத, 7 பேர் உயிர்நீத்தனர். அப்பேருந்தை ஓட்டியவர் அயல்நாட்டார் அல்லர். பழகியவர்க்கே அச்சந்தரும் சரிவு புதியவரை என்செய்யும் என்பதை எண்ணுதல் வேண்டும்.

மலைவழிச் செல்லும் புதியவர்க்கு அறிவுரை கூறுவது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் கூத்தரைப் பெருங்கௌசிகனார் ஆற்றுப்படுத்தும் 583 அடிப் பாட்டாகும். பரிசிலின் பெருமையைச் சொல்வதோடு அப்புலவர் அமைந்தாரல்லர். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனத்திலிருந்து வரும் கவண்கல், வழுக்கும் பாறை என இடர்களையெல்லாம் முன்கூட்டியே உரைக்கின்றார். செல்லும் தேயத்தின் பெயரை அறியுமாறு எழுத்துப் பொறித்திருந்த கவர்வழியையும் காட்டுகின்றார். அனைத்தினும் மேலாக, வழி பிரியும் இடத்தில் பின்வருவோர் அறியும்படி புல்லை முடிந்திட்டுச் செல்லுமாறு பணிக்கின்றார். தான் கடந்த வழியைத் தனக்குப் பின் வருபவனுக்கும் எளிதாக்குதல் என்னும் அறம் அப்புல்முடிச்சில் அடங்கியுள்ளது.

இன்று அம்முடிச்சின் இடத்தில் நிற்பது பெயர்ப்பலகை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. எனினும் பலகைகளில் தமிழ் படும் பாட்டை யாவரும் அறிவர். கருவுற்ற தாய்மார்க்கென ஒதுக்கிய பேருந்து இருக்கையில், ஓரெழுத்து மாறியதால் 'தாய்' 'நாய்' ஆன கொடுமையும் நிகழ்ந்ததே! கினிகத்தேனை, கினிகத்தேன, கினிகத்ஹேன என ஓரூரே பல வடிவில் எழுதப்படுமாயின், புதியவர் அவற்றைப் பல ஊர் என்று கருதினும் வியப்பில்லை. இது மொழிப்பற்றால் எழும் முறைப்பாடு மட்டுமன்று. 'சரிவு', 'மண்சரிவு அபாயம்', 'மெதுவாகச் செல்க' என்பன பிழைபட்டால் தவறுவது இலக்கணம் மட்டுமோ? உயிரும் தவறும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயல் மலைநாட்டு வீதிகள் பலவற்றைச் சிதைத்தது. அவற்றைச் செப்பனிடுவோர், நடும் பலகைகளையும் செப்பமுற எழுதுவாராக.

வருவோர்க்கும் கடமை உண்டு. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்க. தடுப்பையே நம்பி மிதித்துச் சூடேற்றற்க. காட்சியைக் காண விரும்பின் வண்டியை ஓரமாக நிறுத்திக் காண்க. தோட்டப் பாதை, கொழுந்துக் கூடையுடன் தொழிலாளர் நடந்து செல்லும் வழி; லயத்துச் சிறுவர் விளையாடும் முற்றமும் அதுவே. வழியில் ஐயம் எழுந்தால் கண்ணாடியை இறக்கி, 'அம்மா, இந்தப் பாதை எங்கே போகிறது?' என்று வினவுக. படம் சொல்லாததை அவ்வம்மையார் சொல்வார்: நேற்றைய மழையில் எவ்விடத்து மண் சரிந்தது, எப்பாலத்தை லொறி கடக்காது என்பன அவருக்குத் தெரியும். இந்தியாவினின்று கடல் கடந்தும் கால்நடையாகவும் வந்து, காட்டை அழித்துத் தோட்டமாக்கியோரின் வழிவந்தவர் அவர். இம்மலையின் வழிகளை அவரினும் நன்கறிந்தவர் யாவர்?

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைத் தமிழ் மன்றங்கள் ஒரு நாள் மலைபடுகடாத்தைப் பயின்று, மறுநாள் தத்தம் ஊர்ச் சந்திகளுக்குச் செல்லட்டும். ஆங்குள்ள பலகைகளைப் படியெடுத்து, பிழைகளையும் அவற்றின் திருத்தங்களையும் நிரலாக எழுதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் அனுப்பட்டும். வருவோர் யாரென்று நாம் அறியோம். அவர்க்காகக் கவர்வழியில் ஒரு புல்லை முடிந்திடுவது நம் கடன்.