நோட்டுப் புத்தகம் கொடுத்தால் மட்டும் போதாது

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஊர்தோறும் வாலிபர் மன்றங்களும் நற்பணி மன்றங்களும் ஏழைக் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. மேடை போட்டு, மைக் கட்டி, படமும் எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். கூலிக்காரர் வீட்டில் அரை டஜன் நோட்டு வாங்குவது லேசான செலவல்ல. ஆனால் ஜூன் மாதம் போன பிறகு? அந்தக் குழந்தை ஆகஸ்டிலும் பள்ளிக்குப் போகிறதா, மாலையில் எங்கே இருக்கிறது, எந்தக் குளத்தங்கரையில் விளையாடுகிறது, யாரைக் கண்டு பயந்து ஒதுங்குகிறது? இதெல்லாம் அந்த மன்றத்துக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. தெரிந்து கொள்வதே மன்றங்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்கிறோம் நாம்.

2004-ம் வருஷம் ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகி மாண்டன. கூரை வேய்ந்த மாடியில் குழந்தைகளை அடைத்து வைத்து நடந்த பள்ளிக்கூடம் அது. அந்தக் கூரை ஓர் இரவில் முளைத்ததல்ல. தெருவோடு போனவர் வந்தவர் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். 2019 அக்டோபர் 25-ம் தேதி திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாடே கண் விழித்துக் காத்திருந்தது. 29-ம் தேதி அதிகாலையில் சடலம்தான் மேலே வந்தது. பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை மண்ணும் கல்லும் கொட்டித் தரைமட்டம் வரை மூடிவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. குழி நிலத்தில் திறந்து கிடந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குரல் கொடுக்க அங்கே யாருக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை.

இதையெல்லாம் விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போக நாம் தயாராக இல்லை. எந்தக் குழந்தைகள் இப்படிச் சாகின்றன? காவல்காரன் நிற்கும் பங்களாவில் வளரும் குழந்தைகளா? இல்லை. நடவுக்கும், செங்கல் சூளைக்கும், சித்தாள் வேலைக்கும், பனியன் கம்பெனிக்கும் போகிற தாய்மாரின் குழந்தைகளே சாகின்றன. சம்பவம் நடந்த மறுநாள், "பெற்றவள் கவனிக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கவனித்தால் அன்றைய கூலி போகும்; கூலிக்குப் போனால் பிள்ளை தனியே நிற்கும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவளை நிறுத்தி வைத்திருப்பது யார்? பெண்களை வேலைக்கு வைக்கும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. சட்டத்துக்குப் பயந்து அதை ஒழுங்காக நடத்திய முதலாளிகள் எத்தனை பேர்?

ஆபத்து எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்தால், அதைத் தடுக்கும் வழியும் தெரியும். பங்களாதேஷ் இதற்கு நல்ல உதாரணம். ஆறும் குட்டையும் நிறைந்த அந்த நாட்டில் நீரில் மூழ்கிச் சாகும் சிறு குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். பெரும்பாலான சாவுகள் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டையில், காலை முதல் மதியம் வரை நேர்வதைக் கண்டார்கள். அப்பன் வயலில் இருப்பான்; தாய் அடுப்படியில் இருப்பாள்; மூத்த பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். எனவே கிராமத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, அவர் வீட்டிலேயே காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே சாவு வெகுவாகக் குறைந்தது. 2022-ல் அந்த நாட்டு சர்க்காரே 16 ஜில்லாக்களில் இப்படி 8,000 மையங்கள் அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெரிய கட்டிடமோ கருவிகளோ இதற்குத் தேவைப்படவில்லை. நேரத்தை அறிந்து ஆளை நிறுத்தினார்கள்.

நமது மன்றங்களால் இது முடியாதா? முடியும். 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடவும் கற்றார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்தச் சக்தி எங்கும் போய்விடவில்லை. அதற்கு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலை என்னவென்று நாம் சொல்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மன்றமும் தன் தெருக் குழந்தைகளின் கணக்கை எடுக்க வேண்டும். பெயர், வயது, எந்த வகுப்பு, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, பொறுப்பானவர் ஒருவர் கையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கண்டவரும் புரட்டிப் பார்க்கும் நோட்டாக அது இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் நாலாம் நாள் மன்றத்தார் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கேள்வி கேட்டு மிரட்ட அல்ல, காரணம் அறிந்து உதவத்தான். வட்டிக்காரனுக்குப் பயந்து பிள்ளையை வேலைக்கு அனுப்பியவர்களும் இருப்பார்கள். பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று கல்யாணம் பேசுகிறவர்களும் இருப்பார்கள்.

இரண்டாவது, ஊரைச் சுற்றி நடந்து ஆபத்துகளைப் பட்டியல் போட வேண்டும். மூடாத ஆழ்துளைக் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தொங்கும் மின் கம்பி, விரிசல் விட்ட பள்ளிச் சுவர், ஏரியில் சவுடு மண் அள்ளிய காண்டிராக்டர்கள் விட்டுப் போன பள்ளங்கள் ஆகிய எல்லாம் அதில் வர வேண்டும். மழை பெய்தால் பள்ளமும் தரையும் ஒன்றாகத் தெரியும். குளிக்க இறங்கும் பையன் மேலே வருவதில்லை. பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, கலெக்டருக்கு அனுப்பி, ரசீது வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் ஊரே திரண்டு போய்க் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளி விட்டதிலிருந்து தாய் வேலை முடிந்து திரும்பும் வரையுள்ள இரண்டு மூன்று மணி நேரத்தை மன்றம் ஏற்றுக் கொள்ள வேண்டும். படிப்பகத்தைத் திறந்து, விளக்குப் போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, விளையாட விட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் இருந்தால், பெரியவர்கள் காவலில் நீச்சலும் பழக்கலாம். சாதி பார்க்காமல் எல்லாத் தெருக் குழந்தைகளும் அங்கே ஒரே பாயில் உட்கார வேண்டும். அப்படி உட்கார முடியாத மன்றம் குழந்தைகளின் பெயரைச் சொல்லவே அருகதை இல்லாதது.

நான்காவதாகச் சொல்வது கசப்பானது. ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். குழந்தைகளிடம் முறைகேடாக நடப்பவன் முகம் தெரியாத வழிப்போக்கன் என்று எண்ணுவது பெரும் தவறு. பெரும்பாலும் அவன் உறவுக்காரன், அண்டை வீட்டான், பாடம் சொல்லிக் கொடுப்பவன், குழந்தையின் நம்பிக்கையைப் பெற்றவன். மன்றத்துக்குள்ளும் அவன் நுழைவான். ஆகவே கட்டுப்பாடு தேவை. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பொறுப்பில் எப்போதும் இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தை வாய் திறந்து சொன்னால் அதை நம்ப வேண்டும். 2012-ம் வருஷப் போக்ஸோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். 1098 என்ற எண்ணுக்கு யாரும் காசில்லாமல் போன் செய்யலாம். குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது, அபராதம் வாங்கிக் கொடுப்பது, "பெண்ணின் எதிர்காலம்" என்று சொல்லி வாயை அடைப்பது, இவை எதற்கும் நாம் துணை போக முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் நமது மன்றத்துக்காரர் ஆனாலும், நமது கொடி பிடித்தவர் ஆனாலும் இதே விதிதான். ஸ்தாபனத்தின் பெயர் கெடும் என்று மறைக்கிறவன் ஸ்தாபனத்தின் பெயரைக் காப்பாற்றவில்லை, குழிதோண்டிப் புதைக்கிறான்.

தொண்டர்கள் செய்கிறார்கள் என்பதற்காக சர்க்கார் கை கழுவிக் கொள்ளவும் விட முடியாது. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அன்று முதல் அங்கன்வாடியைத் தாங்கி வரும் பெண்களுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் "மதிப்பூதியம்" என்றே பெயர் வைத்தார்கள். கொரோனாவுக்குப் பின் 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பாடம் சொன்ன தங்கைமார்களின் உழைப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர்களைக் காட்டி ஆசிரியர் இடங்களைக் காலியாக வைத்திருக்க எந்த சர்க்காருக்கும் உரிமை இல்லை. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திய மத்திய சர்க்கார், பள்ளி நேரம் போக "குடும்பத் தொழிலில்" உதவலாம் என்று வாசலைத் திறந்து வைத்தது. வீட்டுக்குள் பீடி சுற்றும் பிஞ்சு விரல்கள் எந்தக் குடும்பத்தின் லாபத்துக்காக உழைக்கின்றன? இந்த விதிவிலக்கை நீக்கு! வேலைத்தலம்தோறும் காப்பகம் வை! அங்கன்வாடி ஊழியர்களை சர்க்கார் ஊழியராக்கு! இவை நமது கோரிக்கைகள். மன்றம் எடுக்கும் கணக்கு இந்தக் கோரிக்கைகளுக்கு ஆதாரமாகும்.

கடைசியாக ஒன்று. குழந்தைகளை நாம் காப்பாற்றும் பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபாரில், கல்லியாசேரி என்ற ஊரில், 1938 டிசம்பர் 28-ம் தேதி தேசிய பாலசங்கம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஈ.கே. நாயனார், பிற்காலத்தில் கேரளத்தின் முதல் மந்திரியானவர். குழந்தைகளே கூடி, பேசி, பொறுப்பேற்ற ஸ்தாபனம் அது. கூட்டத்தில் எழுந்து பேசப் பழகிய குழந்தை, தனக்கு அநீதி நேரும்போதும் பேசும். ஆகவே நமது மன்றங்களிலும் மாதம் ஒரு நாள் குழந்தைகளைப் பேச விட்டு, பெரியவர்கள் கேட்க வேண்டும்.

வாலிபர் மன்றத் தோழர்களே, மாதர் சங்கச் சகோதரிகளே! அடுத்த ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுங்கள். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பத்துப் பேர் கூடி, உங்கள் ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எந்தக் கிணறு திறந்து கிடக்கிறது, எந்த வீட்டுக் குழந்தை தனியே நிற்கிறது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.