ஹூடி போட்டா ஹேக்கரைப் பிடிச்சுடலாமா?

மக்களே, சைபர் செக்யூரிட்டின்னா ஹூடியை இழுத்து மூடிக்கிட்டு இருட்டு ரூம்ல பச்சை எழுத்தை முறைச்சுப் பார்க்கறதுன்னு எவன்யா கிளப்பி விட்டது? பனமரத்துப்பட்டியில பஸ் ஏறி சேலத்துல இறங்கறதுக்குள்ள இந்தப் படம் போட்ட கோர்ஸ் விளம்பரம் கண்ணுல பட்டுடுது. முடிச்சதும் பேங்க்ல அனலிஸ்ட் வேலையாம். நம்ம பசங்களும் வீட்டு நகையை அடகு வச்சு ஃபீஸ் கட்டறாங்க.

கும்பகோணத்துல நடந்ததைக் கேளுங்க. 2018 பிப்ரவரி 6. சிட்டி யூனியன் பேங்க்ல, வெளிநாட்டுப் பணத்துக்கான ஸ்விஃப்ட் செய்திகள் அச்சாகற பிரிண்டரை முடக்கிட்டு, துபாய், துருக்கி, சீனான்னு மூணு ஆர்டர் போட்டுட்டாங்க திருட்டுப் பசங்க. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். பிரிண்டர் செத்துட்டா ஒப்புதல் சீட்டு வராது, யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில காட்டிக் கொடுத்தது என்ன தெரியுமா? கணக்கை ஒத்துப் பார்க்கற வேலை! நாம அனுப்பாத பணம் எப்படிய்யா போச்சுன்னு. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை நியூயார்க்கிலேயே மடக்கிட்டாங்க.

இதே பிரிண்டர் வித்தையை 2016லயே பங்களாதேஷ் மத்திய வங்கியில காட்டி 8.1 கோடி டாலரை அள்ளிட்டுப் போயிருந்தாங்க. அந்தக் கதையைப் படிச்ச அனலிஸ்ட்டுக்கு பிரிண்டர் ரிப்பேர்ங்கற புகாரே அபாயச் சங்கு. படிக்காதவருக்கு அது சர்வீஸ் ஆளோட தலைவலி.

அதே 2018 பிப்ரவரியில பஞ்சாப் நேஷனல் பேங்க் நாறுச்சே, அதுல ஹேக்கரே கிடையாது. உள்ளே இருந்தவங்களே ஸ்விஃப்ட்ல உத்தரவாதக் கடிதம் அனுப்பிட்டு, பேங்கோட கோர் பேங்கிங் கணக்குல ஏத்தாம விட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க ஆளில்லை. வருஷக்கணக்குல ஓடி, 13,000 கோடி ரூபாயைத் தாண்டிருச்சு.

"அப்ப நெட்வொர்க், மால்வேர் எல்லாம் வேண்டாமா?"ன்னு கிளம்பாதீங்க. வேணும். நைட் ஷிஃப்ட்ல அலாரம் வந்து கொட்டும், முக்கால்வாசி வெத்து அலாரம். அதுல எது பணத்தைத் தொடுதுன்னு பிரிக்கறதுதான் சம்பளத்துக்கான வேலை. அதுக்கு பணம் எந்த வழியா போகுதுன்னு தெரியணுமே? நான் வாங்கிப் பார்த்த சிலபஸ் எதுலயும் அதைப் பத்தி ஒரு வரி இல்லை. வரவு செலவைத் தூக்கத்துலயும் ஒத்துப் பார்க்கற பி.காம். பசங்களை இந்தப் பக்கமே அண்ட விடறதுமில்லை. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி, நாஸ்ட்ரோ கணக்குன்னா என்னன்னு அந்த சாரைக் கேளுங்க. நம்ம பேங்க் வெளிநாட்டு பேங்க்ல வச்சிருக்கற கணக்கு, அவ்வளவுதான். அவர் முழிச்சார்னா பணத்தைப் பையிலேயே வச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.