இத்துனூண்டு துணிக்கு இவ்ளோ காசா?

போன நவராத்திரியில இருந்து மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற ஒரு விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

பொம்மைக்கு உடுப்பு தைக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு. கொலுவுல வைக்கிற மரப்பாச்சி ஜோடி, பிள்ளைங்க வச்சு விளையாடுற பார்பி, எதுவா இருந்தாலும் சரி. போன வருஷம் எங்க தெரு அக்கா ஒருத்தங்க ஒரு பார்பியைக் கொண்டாந்தாங்க. பாவாடை, தாவணி, ஜாக்கெட், கூடவே ஒரு குட்டி கைப்பை வேணுமாம். கொலுப்படியில பார்பியான்னு கேக்காதீங்க, கிரிக்கெட் டீமே நிக்குது :-)

மூணு சாயங்காலம் உக்காந்து தைச்சேன். எவ்வளவுன்னு கேட்டாங்க. கூச்சப்பட்டுக்கிட்டே 300 ரூபான்னேன்.

"என்னம்மா, இத்துனூண்டு துணிக்கு இவ்ளோ காசா? என் மகளுக்கே இந்தக் காசுக்குத் தைச்சிரலாமே!"

நானும் பல்லை இளிச்சுக்கிட்டு "சரிக்கா, உங்களுக்கு இஷ்டமானதைக் குடுங்க"ன்னேன். 50 ரூபாய் குடுத்தாங்க.

என் கேள்வி ஒண்ணுதான். துணி குறைஞ்சா வேலை குறையுமா?

கணக்குப் போட்டுப் பாப்போம். பார்பியோட உயரம் பதினொன்றரை இஞ்ச். நம்மள்ல ஆறுல ஒரு பங்கு. அஞ்சரை மீட்டர் புடவையை ஆறால வகுத்தா சுமார் 92 சென்டிமீட்டர். அகலம் 45 இஞ்ச், அது ஏழரை இஞ்ச் ஆயிடும். இது வரைக்கும் ஈஸி. ஆனா துணியோட கனம் ஆறா வகுபடாதே! நமக்கு மெல்லிசா இருக்கிற துணி பொம்மைக்குப் போர்வை மாதிரி நிக்கும். கொசுவம் வச்சா இடுப்புல மூட்டையாட்டம் புடைக்கும். அதனால நைஞ்ச வேட்டி, மல் துணின்னு தேடணும். தையலுக்கு உள்ள கால் இஞ்ச் விட்டா, பொம்மைக்கு அது ஒன்றரை இஞ்ச் விட்ட மாதிரி. குறைச்சு விட்டாலோ நூல் பிரிஞ்சு கையோட வந்துரும்.

டிசைனும் அப்படித்தான். பக்கத்துல சின்னாளபட்டி இருக்கு, சுங்குடிக்குப் பஞ்சமே இல்ல. ஆனா 5 மில்லிமீட்டர் புள்ளி பொம்மை மேல 3 சென்டிமீட்டர் புள்ளியாத் தெரியும். இருக்கறதுலயே பொடிப்புள்ளியாத் தேடிப் புடிக்கணும்.

ஜாக்கெட் கை இருக்கே, அது தனிக் கொடுமை. பக்கத்தை மூட்டிட்டா அப்புறம் கையை வச்சுத் தைக்க மிஷின்ல இடமே இருக்காது. அதனால முதல்ல கை, அப்புறம் பக்கம். பொம்மை விரல் துணியில மாட்டும், அதுக்காக முதுகு முழுசும் திறப்பு விடணும். கடைசியில பிரஸ் பட்டன், அது கைத்தையல்தான். மூக்குத்தியில தங்கம் கம்மிதான், அதுக்காக ஆசாரி செய்கூலி வேண்டாம்னா சொல்றார்?

பார்பியை விக்கிற கம்பெனிக்கு இந்த விஷயம் மொத நாள்லயே தெரியும். 1959ல மேட்டல் அந்தப் பொம்மையைக் கொண்டாந்தப்போ விலை 3 டாலர். தனியா வித்த உடுப்பு 1 டாலர்ல இருந்து 5 டாலர் வரைக்கும். அதாவது பொம்மையை விட சட்டை விலை அதிகமா இருக்கலாம்! உடுப்பு டிசைன் பண்ணின சார்லட் ஜான்சன் ஜப்பானுக்கே போய்த் தங்கி வேலை வாங்கினாங்க. அந்தக் குட்டி ஜிப்பு, பட்டன் வச்ச உடுப்பையெல்லாம் தைச்சவங்கள்ல வீட்டுல உக்காந்து தைச்ச ஜப்பான் பொம்பளைங்க நிறைய பேர்.

சரி, 50 ரூபாயோட என் கதை முடிஞ்சிருந்தா இதை எழுதியே இருக்க மாட்டேன். எதிர்வீட்டுப் பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா, எங்கிட்ட தையல் கத்துக்க வருவா. அவங்கம்மா வீட்டுலயே ஜாக்கெட் தைச்சுக் குடுத்துதான் குடும்பம் ஓடுது. ஒரு நாள் வந்து மெதுவா சொன்னா:

"அத்தை, அந்தப் பெரியம்மா இன்னும் ரெண்டு பொம்மையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அத்தை 50 ரூபாதானே வாங்குச்சு, நீ மட்டும் ஏன் அதிகமா கேக்குறேன்னு அம்மாவைத் திட்டிட்டுப் போறாங்க."

சுருக்குன்னு இருந்துச்சு. எனக்கு அது பொழுதுபோக்கு. 50 வந்தாலும் சரி, வராட்டியும் சரி, ராத்திரி சோறு இருக்கு. அவங்களுக்கு அப்படியா? நான் பெருந்தன்மைன்னு நினைச்சது அடுத்தவங்க கூலியில கை வச்சதா ஆயிடுச்சே! பேரம் பேசின அக்காவை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? விலையைக் கெடுத்தது நான்.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ஒண்ணு, சும்மா குடுக்கிறதுன்னா அன்பளிப்புன்னு சொல்லியே குடுக்கிறது. இல்லன்னா முழுக் கூலி. ரெண்டுக்கும் நடுவுல "இஷ்டமானதைக் குடுங்க" கிடையாது. இந்த வருஷம் யாராவது பொம்மையைத் தூக்கிட்டு வந்தா மொதல்ல எதிர்வீட்டைத்தான் கை காட்டப் போறேன்.

உங்க வீட்டுல தையல் தெரிஞ்சவங்க இருந்தா அவங்க கிட்டயும் சொல்லுங்க. பொம்மைதான் சின்னது, வேலை இல்ல.